ஆஸி ஆஸ்பர்ன் ஒரு வரியாவது எழுதினாரா?

ஆர்.எஸ்.புரம் இசைத்தட்டு:
நேற்று இங்கே ஒருவர் அஞ்சலி போட்டிருந்தார். "இருட்டைத் தானே எழுதித் தானே பாடிய மகாகவி ஆஸி ஆஸ்பர்ன்" என்று ஆரம்பம். கீழே வரிசையாக ஆமாம் ஆமாம் என்று தலையாட்டல் வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2025 ஜூலை 22ல் 76 வயதில் போய்ச் சேர்ந்தவர், அவர்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே! இவர் பாடிய இங்கிலாந்து ராக் பேண்டு பிளாக் சபாத். அதன் பாட்டு வரிகளை எழுதியது பேஸ் கிடார் வாசித்த கீசர் பட்லர். தனியாக வந்தபின் முதல் இரண்டு ஆல்பங்களுக்கு, 1980லும் 81லும், எழுதியது பாப் டெய்ஸ்லி. 1991ல் பெரிதாக ஓடிய ஆல்பத்தில் நாலு பாட்டுக்கு மோட்டர்ஹெட் பேண்டின் லெம்மி எழுதினார். இவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. வாய் மட்டும்தான் இவருடையது.

சோமனூர் தறிக்காரன்:
ஏனுங்க, ஒரு வரிகூடன்னு எப்பிடிச் சொல்லிப்போட்டீங்க? முதல் ஆல்பம், முதல் பாட்டு. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கெழம வந்துது. பேண்டு பேரு, ஆல்பம் பேரு, பாட்டு பேரு மூணுமே பிளாக் சபாத். ராத்திரி முழிச்சுப் பாத்தா கட்டில் கால்மாட்டுல கருப்பா ஒரு உருவம் நின்னுதுன்னு கீசர் வந்து சொன்னாரு. அதைக் கேட்டு வரி எழுதுனது ஆஸி. இது அந்த பேண்டப் பத்தித் தெரிஞ்சவங்க எல்லாத்துக்கும் தெரியும். அந்த ஒத்தப் பாட்டுல இருந்துதான் ஹெவி மெட்டல்ங்கற இந்த மொத்தச் சங்கீதமும் பொறந்துது. அதை எழுதுனவர ஒரு வரிகூட எழுதலைன்னா எப்பிடிங்க?

ஆர்.எஸ்.புரம் இசைத்தட்டு:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். கண்டது கீசர், பயந்தது கீசர், வந்து சொன்னது கீசர். இவர் கேட்டு எழுதினார், அவ்வளவுதானே? அந்தப் பாட்டின் உயிர் கீசருடையது.

சோமனூர் தறிக்காரன்:
எழுதுனாருன்னு இப்ப ஒத்துக்கிட்டீங்க. ஒரு வரிகூட இல்லைன்னது போச்சு.

ஆர்.எஸ்.புரம் இசைத்தட்டு:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. சரியாகப் படியுங்கள்.

கணபதி லேத்து:
ரெண்டு பேரும் வரி வரின்னு அடிச்சுக்கறீங்க. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்துதுன்னு ஆராச்சும் யோசிச்சீங்களா? கிடார் வாசிக்கற டோனி அயோமி ஷீட் மெட்டல் பட்டறைல வேல பாத்தவரு. 17 வயசு, வேலைய உட்டுப்போற கடேசி நாளு, மிசின் வலது கையில நடுவிரலு, மோதிர விரலு ரெண்டோட நுனியவும் எடுத்துப் போட்டுது. அவரு எடதுகைக்காரர், அதனால தந்திய அழுத்தற கையே அதுதான். பாத்திரம் கழுவற லிக்விட் பாட்டில உருக்கி விரலுக்குத் தொப்பி பண்ணி, பழய தோல் ஜாக்கெட்டுல துண்டு வெட்டி மேல ஒட்டி வாசிச்சாரு. எங்க கணபதிப் பட்டறைல பவர் பிரஸ்ஸுக்கு விரலக் குடுத்தவங்களோட நான் ஒட்டுக்கா வேல பாத்திருக்கறன். காயம் ஆறுனாலும் தொட்டாச் சுரீர்னு இழுக்கும், ரெண்டு வெரலால ஒரு போல்ட்டப் புடிச்சு மரை ஏத்த முடியாது. அந்த வலிக்காகத்தான் மொத ஆல்பத்துலயே தந்தி முறுக்கக் கொறச்சு சுருதிய எறக்கி வெச்சாரு. அந்த இருட்டு விரல்ல இருந்து வந்துது. பாடறவனும் எழுதறவனும் அதுக்கப்புறம்.

பொள்ளாச்சி பேஸ்:
முதல் ஆல்பத்தில் இறக்கவில்லை. முதல் இரண்டு ஆல்பமும் சாதாரண டியூனிங்தான். இறக்கியது 1971ல், மூன்றாவது ஆல்பத்தில். சேர்ந்து வாசித்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

கணபதி லேத்து:
தம்பி, நான் காதுல கேக்கறன். மொத ஆல்பமே எறங்கித்தான் கேக்குது.

பொள்ளாச்சி பேஸ்:
தம்பி இல்லை, அக்கா. பேஸ் வாசிப்பவள் என்றால் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று எதில் எழுதியிருக்கிறது? டியூனிங் இறங்கியது மூன்றாவது ஆல்பத்தில்தான்.

இன்னொன்று. கீசர் பட்லர் பேஸ், பாப் டெய்ஸ்லி பேஸ், லெம்மியும் பேஸ். ஆஸி வாயில் வந்த நல்ல வரி முக்கால்வாசி பேஸ் வாசித்தவர்கள் எழுதியது. மேடையில் பின்னால் நிற்கிறவர்களை எந்த அஞ்சலியிலும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் கோபம். இசைத்தட்டு சொல்வது சரி.

சோமனூர் தறிக்காரன்:
அக்கா, நீங்க சொல்ற மூணு பேரையும் நானும் கும்படறனுங்க. முக்கால்வாசின்னீங்க, அது செரி. இசைத்தட்டுக்காரர் சொன்னது ஒரு வரிகூடன்னு. கால்வாசி மிச்சம் இருக்குதுல்லீங்க? 1973 ஆல்பத்துல சிந்தசைசர வெச்சு அவரே உக்காந்து ஒரு பாட்டு பண்ணுனாரு. அதுவும் கணக்குல வராதுங்களா?

கோபி வாத்தியார்:
மன்னிக்கவும். எழுதினாரா இல்லையா என்பதை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். 1982 ஜனவரி 20, அமெரிக்காவில் டி மாய்ன் நகரம். மேடையில் ஒரு வௌவாலின் தலையைக் கடித்தார். அதற்கு முந்தைய வருடம் ரெக்கார்டு கம்பெனி கூட்டத்தில் புறாவின் தலையைக் கடித்தார். இளம் வயதில் திருடிவிட்டு ஆறு வாரம் பர்மிங்காம் சிறையில் இருந்தார். பெற்ற அப்பாவே அபராதம் கட்ட மறுத்துவிட்டார். குடி, போதை, எதுவும் பாக்கி இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவரை எடுத்துக்காட்டாக வைக்கலாமா?

கணபதி லேத்து:
வாத்தியாரே, ரப்பர் பொம்மைன்னு நெனச்சுக் கடிச்சாரு. அப்பறம் ஆஸ்பத்திரிக்கு ஓடி நாய்க்கடி ஊசி போட்டாங்க. புறாவுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டன், அது தப்புதான். அப்பா அபராதம் கட்டாதது பையனுக்குப் புத்தி வரணும்னு. என்ற அப்பனா இருந்தாலும் அதையேதான் பண்ணியிருப்பாரு. 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க்கு மைதானத்துல கடேசிக் கச்சேரி, வளந்த ஆஸ்டன்லயே. பார்க்கின்சன்ஸ்ங்கற நடுக்க நோய் வந்து நிக்க முடியாம சிம்மாசனத்துல உக்காந்து பாடுனாரு. லாபம் பூராவும் பார்க்கின்சன்ஸ் ஆராய்ச்சிக்கும் கொழந்தைக ஆஸ்பத்திரிக்கும்னு அறிவிச்சுத்தான் நடத்துனாங்க. அதையும் உங்க பிள்ளைகளுக்குச் சொல்லுங்க.

கோபி வாத்தியார்:
கடைசிக் காலத்தில் தர்மம் செய்தால் முன்னால் செய்தது எல்லாம் அழிந்துவிடுமா?

ஆர்.எஸ்.புரம் இசைத்தட்டு:
வாத்தியார் ஐயா, வேறு திரி தொடங்குங்கள். இங்கே கேள்வி எழுதினாரா என்பது. தறிக்காரருக்கு ஒன்று சொல்கிறேன். ஆஸிக்கு டிஸ்லெக்சியா. 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறியவர் பாட்டு எழுதினார் என்பதை நான் எப்படி நம்புவது?

சோமனூர் தறிக்காரன்:
இதோட நிறுத்திக்குங்க.

என்ற பையனுக்கும் அதேதானுங்க. ப-வும் ம-வும் அவனுக்கு எடம் மாறிப் போகும். பள்ளிக்கூடத்துல முட்டாள்னு பின்னாடி பெஞ்சுல உக்கார வெச்சாங்க. ஊட்டுல அவன் வாயில இருந்து வர்ற பேச்சை எழுதி எடுத்தா நோட்டுப் பத்தாது. எழுத வராதவனுக்குச் சொல்லு வராதுன்னு ஆரு சொன்னது உங்களுக்கு? ஆஸி பொறந்தது 1948 டிசம்பர்ல. அப்பா டூல் மேக்கர், ராத்திரி ஷிப்ட். அம்மா பேக்டரி வேலை. படிப்பு வரல, கசாப்புக் கூடத்துல வேல பாத்தாரு, காரு ஹாரனக் காதுல வெச்சு டியூன் பண்ற வேலயும் பாத்தாரு. 1963ல ரேடியோவுல பீட்டில்ஸக் கேட்டுப்போட்டு நானும் இதுதான்னு நின்னாரு. உங்களாட்ட ஷோகேஸ் வெச்சு இசைத்தட்டு அடுக்குன ஊட்டுப் பையன் இல்லீங்க அவரு.

ஆர்.எஸ்.புரம் இசைத்தட்டு:
என் வீட்டை இழுக்க வேண்டாம். உங்கள் மகனை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸி எழுதவில்லை என்றேன்.

சோமனூர் தறிக்காரன்:
முதல் பாட்டு எழுதுனாரு.

ஆர்.எஸ்.புரம் இசைத்தட்டு:
கீசர் சொன்னதை எழுதினார்.

சோமனூர் தறிக்காரன்:
எழுதுனாரு.

ஈரோடு ரிஃப்:
அண்ணா, நானும் நடுவுல வரலாமுங்களா? எழுதலைன்னே வெச்சுக்குங்க, அதுனால என்னாச்சு? டி.எம்.எஸ். பாடுனதுக்குக் கண்ணதாசன் எழுதுனாரு. அதுக்காக டி.எம்.எஸ். வெறும் வாய்னு நம்மூர்ல ஒருத்தர் சொல்லுவாங்களா? சொன்னா ஊருக்குள்ள நடக்க முடியுமா? வெள்ளைக்காரன் பாடுனா மட்டும் அவனே எழுதியிருக்கணும்னு ஏன் கேக்கறோம்?

சோமனூர் தறிக்காரன்:
தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. நான் எச்சாவே சொல்றன். எங்க ஊர்ப்பக்கம் அண்ணன்மார் சாமி கதை பாடுவாங்க. உடுக்கையத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு ராத்திரி பூரா. பொன்னரு சங்கரு கதைய அந்தப் பாட்டுக்காரரு எழுதல, அவங்க அப்பனும் எழுதல, வழிவழியா வந்த சொல்லு. படுகளம் வர்றப்ப அவரு கொரல எறக்குவாரு பாருங்க, உடுக்கைச் சத்தம் ஒண்ணு ஒண்ணா வரும், முன்னால நிக்கற ஆம்பளைக அருள் வந்து மரமாட்டச் சாய்வாங்க. மறுபடி எழுப்பறவரைக்கும் பொம்பளைக அழுதுக்கிட்டே நிப்பாங்க. சின்ன வயசுல எங்க அப்புச்சி தோள்ல உக்காந்து அதைப் பாத்தவன் நான். அந்தச் சொல்லு எந்தப் புஸ்தகத்துலயும் கெடைக்கும். அந்தக் கொரலு எங்க கெடைக்கும்? பொறவு தறிக்குடோன்ல ராத்திரி ஷிப்ட்டுல வாக்மேன் மாட்டிக்கிட்டு சபாத்தோட முதல் பாட்டைக் கேட்டன். மழை, கோயில் மணி, அப்பறம் அந்த மூணு சுரம். ஆஸி பயந்து கேக்கறாரு பாருங்க, அது பாட்டுக்காகப் பயந்த கொரல் இல்லீங்க, நெசமாப் பயந்தது. தறி அத்தன சத்தத்துலயும் எனக்கு முதுகு சில்லுனு போச்சு. எழுதுனவரு ஆராயிருந்தாலும் என்னைப் புடிச்சு உலுக்குனவரு அவருதான்.

பொள்ளாச்சி பேஸ்:
அழகாகச் சொன்னீர்கள். ஆனால் இப்போது "எழுதினவர் யாராக இருந்தாலும்" என்கிறீர்கள். இரண்டு பக்கம் முன்னால் அவரே எழுதினார் என்றீர்கள். எது?

சோமனூர் தறிக்காரன்:
ரெண்டும்தானுங்க அக்கா. எழுதவும் எழுதுனாரு, எழுதாட்டியும் அவரு பெரியவரு.

ஆர்.எஸ்.புரம் இசைத்தட்டு:
பார்த்தீர்களா, நழுவுகிறார். உடுக்கைக்காரர் கதையைத் தன் பேரில் போட்டுக்கொள்வதில்லை. பாப் டெய்ஸ்லிக்கும் டிரம்ஸ் வாசித்த லீ கெர்ஸ்லேக்குக்கும் என்ன நடந்தது? பணம் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2002ல் ஆஸியின் தனி ஆல்பங்களில் முதல் இரண்டையும் மறுபடி வெளியிட்டபோது அவர்கள் வாசித்ததையே அழித்துவிட்டு, வேறு இருவரை வைத்து பேஸும் டிரம்ஸும் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். எழுதியவன் வாசிப்பையே துடைத்து எடுத்தவர்களைக் கும்பிடச் சொல்கிறீர்கள்.

பொள்ளாச்சி பேஸ்:
இதைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். அந்த இரண்டு ஆல்பத்திலும் கிடார் வாசித்த ராண்டி ரோட்ஸ் 1982 மார்ச்சில், 25 வயதில், விமான விபத்தில் போய்விட்டார். ஆஸியோடு ஸ்டுடியோவில் அவர் வாசித்துவிட்டுப்போனது அவ்வளவுதான், இரண்டு ஆல்பம். அவரோடு சேர்ந்து வாசித்தவர்களின் சத்தத்தைப் பிரித்து எடுப்பது எவ்வளவு பெரிய பாவம்! டெய்ஸ்லியின் விரல் ராண்டியின் கிடாரோடு பின்னிப்போகும் இடங்கள் இருக்கின்றன. பேஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

ஈரோடு ரிஃப்:
2011ல பழயபடி திருப்பிப் போட்டுட்டாங்கக்கா.

பொள்ளாச்சி பேஸ்:
ஒன்பது வருஷம் கழித்து.

சோமனூர் தறிக்காரன்:
அந்த 2002 விசயம் எனக்கு நல்லாவே தெரியுமுங்க. எப்பிடித் தெரியும்னா, இதே இசைத்தட்டுக்காரரு எனக்கு ஒரு சிடி வித்தாரு. ஒரிஜினல்னு சொல்லி, ஒரிஜினல் வெல வாங்கிக்கிட்டு. ஊட்டுல வந்து போட்டா பேஸ் வேற, டிரம்ஸ் வேற. அட்டையத் திருப்பிப் பாத்தா 2002. டெய்ஸ்லிக்காக இன்னைக்குக் கண்ணீர் உடறவரு அன்னைக்கு அந்தச் சிடிய என்ற தலைல கட்டுனாரு.

ஆர்.எஸ்.புரம் இசைத்தட்டு:
அது ஒரிஜினல் கம்பெனி வெளியீடுதான். போலி என்று சொன்னால் நிரூபியுங்கள். நீங்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

சோமனூர் தறிக்காரன்:
கேட்டன். மாத்துனதான்னு வாயத் தொறந்து கேட்டன். இல்லைன்னு சொன்னீங்க.

கணபதி லேத்து:
எனக்கும் ஒரு கேசட்டு பாக்கி இருக்குதுங்க அவருகிட்ட. காது குடுத்துக் கேட்டுப்போட்டுத் தர்றன்னு வாங்கிட்டுப் போனது. அதுல மொத ஆல்பம் இருக்குது, அது கைல இருந்தா டியூனிங் எறங்குனதா இல்லயான்னு இப்பவே அக்காவுக்குப் போட்டுக் காட்டீருவன்.

பொள்ளாச்சி பேஸ்:
கேசட் வேண்டாம் அண்ணா. அது பிளேயர் வேகத்துக்கு இறங்கிக் கேட்கும். இறங்கியது மூன்றாவது ஆல்பம்.

கணபதி லேத்து:
என்ற பிளேயர் வேகத்துல ஒரு கொறையும் இல்லீங்க.

கோபி வாத்தியார்:
புறாவைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

ஆர்.எஸ்.புரம் இசைத்தட்டு:
கேசட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, உங்கள் தம்பி கையில். சிடிக்கு வேண்டுமானால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் தறிக்காரரே, நாளைக்கே ஆள் அனுப்புகிறேன். ஆஸி எழுதவில்லை என்பதில் மாற்றமில்லை.

சோமனூர் தறிக்காரன்:
பணம் வேண்டாமுங்க. டெய்ஸ்லி வாசிச்ச சிடிய அனுப்புங்க. அதுல பேஸ் கேக்கோணும் எனக்கு. முதல் பாட்டு எழுதுனது ஆஸிதான்.