செம்பனைக்குள் நிற்கும் வெள்ளைச் சுவர்: லாரியில் அமர்ந்து படம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

லயத்துப் பேரன்:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிமுக்கு அருகே எங்கள் தோட்டப் பட்டணத்தின் எல்லையில், செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவே, இரண்டு மாடி உயரச் சுவர் ஒன்று தனியாக நிற்கிறது. 1970களில் அது திறந்தவெளிப் படக்கொட்டகையாக இருந்தது என்றும், சம்பள இரவில் சுற்றுவட்டத் தோட்டங்களின் லாரிகள் அங்கே வரிசை கட்டி நிற்க, மக்கள் இறங்காமல் லாரியிலிருந்தே படம் பார்த்தார்கள் என்றும் காலமான என் தாத்தா சொல்லியிருக்கிறார். நிலம் கைமாறிவிட்டதால் சுவரை விரைவில் இடித்துவிடுவார்கள். அதற்கு முன் அந்த இடத்தை வரைந்து வைக்க விரும்புகிறேன். படக்கருவி எங்கே நின்றது? வசனம் கடைசி லாரி வரை எப்படிக் கேட்டது?

தண்டல் மகள்:
தம்பி, உங்கள் தாத்தா சொன்னது உண்மை. லாரிகள் பின்புறத்தைச் சுவருக்குக் காட்டி நிற்கும். பின்பலகையை இறக்கிவிட்டுச் சிறுவர்கள் அதன் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அமர்வோம், பெண்கள் உள்ளே சாக்கு விரித்து அமர்வார்கள். ஆண்கள் பெரும்பாலும் கீழே நின்றார்கள். என் அம்மா ஒவ்வொரு முறையும் பழைய பால்வாளி ஒன்றில் அவித்த கச்சானை (நிலக்கடலையை)க் கொண்டு வருவார்; எத்தனை முறை கழுவினாலும் அந்த வாளியில் ரப்பர்ப் பால் நெடி போகாது, கச்சானிலும் அது இலேசாக ஏறியிருக்கும். இன்றும் பால்மரக் காட்டைக் கடந்து போனால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தத் திரைதான்.

இருட்டினால்தான் படம் தெரியும். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்த பிறகு, ஏழேகாலுக்குத் தொடங்கிய படம் ஏழேமுக்காலுக்குத் தொடங்கியது. மறுநாள் பள்ளிக்கூட மணியோ பழைய நேரத்திலேயே அடித்ததால், பிள்ளைகளைப் பாதிப் படத்தில் தூங்க வைக்க வேண்டியதாயிற்று.

கார்பன் குச்சி:
நான் 1974 முதல் நான்கு ஆண்டுகள் அங்கே ஆப்பரேட்டருக்கு உதவியாளாக இருந்தேன். சுவரின் இருபுறமும் மூங்கில் கம்பத்தில் இரண்டிரண்டு புனல் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டிருந்தன. காற்று எதிர்த்து வீசினால் கடைசி வரிசைக்கு வசனம் பாதிதான் போய்ச் சேரும். ஒளிக்கு இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கிடையே மின்பொறியை எரிய விடுவோம். குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைக் கையால் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். சற்றுக் கவனம் தவறினாலும் திரை மஞ்சளித்துவிடும். 2000 அடிச் சுருள் ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். எங்களிடம் ஒரே கருவி இருந்ததால் ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் திரை இருளும், அப்போது எல்லா லாரிகளும் சேர்ந்து ஹாரன் அடிக்கும். அந்த ஓசைக்கு நடுவே நடுங்காமல் பிலிமை மாட்டக் கற்றுக்கொண்டதுதான் என் முதல் தொழிற்பயிற்சி.

கருவி நின்ற மேடை சிமெண்டினால் ஆனது. நான்கு போல்ட்டுகள் பதித்திருந்தோம். சுவரின் நடுவிலிருந்து நேராக நூறு அடி நடந்து பாருங்கள்.

ஜொகூர்க்காரன்:
காரிலிருந்தபடியே படம் பார்க்கும் முறையை அமெரிக்காவில் 1933-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டனில் தொடங்கினார்கள். நமக்கு அருகில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் கேத்தே நிறுவனம் 1971-இல் திறந்தது, 1985 வரை நடந்தது. ஏறத்தாழ 900 கார்கள் நிற்கும். என் சித்தப்பாவோடு ஒரு முறை போயிருக்கிறேன். அங்கே ஒவ்வொரு காரும் கதவை மூடிக்கொண்டு தனித் தனியாக இருந்தது. லாரியில் அப்படி இருக்க முடியாது. பக்கத்து லாரிப் பாட்டி அழுவது நமக்கும் கேட்கும்.

தண்டல் மகள்:
மூடியதற்குக் காரணத்தையும் எழுதி வையுங்கள் தம்பி. எண்பதுகளில் வீடியோ கேசட் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் எங்கள் பகுதியில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோதே ஆள்தேவை குறைந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் (வரிசை வீடுகள்) ஒவ்வொன்றாகக் காலியாயின. லாரி வந்தது, ஏறுவதற்குக் குடும்பங்கள் இல்லை.

லயத்துப் பேரன்:
ஐயா, அக்கா, மிக்க நன்றி. நேற்று மாலை அளந்து பார்த்தேன். தொண்ணூற்றாறு அடியில், காய்ந்த செம்பனை மட்டைகளுக்கு அடியில் மேடை இருக்கிறது. மூன்று போல்ட்டுகள் மிச்சம். நான்காவது இருந்த துளையில் மழைநீர் தேங்கியிருந்தது.