வாசிப்பு வட்டம்: தாளை நிரப்புகிறார்கள், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்

நாலு_அஞ்சு டீச்சர்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்கு, ஐந்து இரண்டு வகுப்பும் என்னிடம். மொத்தம் 22 பிள்ளைகள். தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்த பிறகு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். பிள்ளைகள் குழுவாக ஒரு புத்தகத்தைப் படித்து, அதைப் பற்றித் தங்களுக்குள் பேச வேண்டும். இணையத்தில் பார்த்தபடி ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒருவருக்குக் கேள்வி கேட்கும் வேலை, ஒருவருக்குப் படம், ஒருவருக்குப் புதுச்சொல், ஒருவருக்குச் சுருக்கம் என்று ஆளுக்கொரு பணித்தாள் கொடுத்தேன். தாள் அழகாக நிரம்பிவிடுகிறது. பேசச் சொன்னால் அதைப் பார்த்து ஒப்பித்துவிட்டு, "முடிஞ்சது டீச்சர்" என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே பிரதிதான் இருக்கிறது. ஆறேழு பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். அவர்களைத் தனிக் குழுவாக்கலாமா?

கரும்பலகை

டீச்சர், முதலில் அந்தத் தாளை எடுத்து பீரோவில் வையுங்கள். 1990களில் இந்தத் தாள்களைப் பரப்பிய அமெரிக்கர் ஹார்வி டேனியல்ஸே, வாசிப்பு வட்டம் பற்றிய தன் நூலின் 2002 பதிப்பில் பேச்சு இயந்திரத்தனமாகிறது என்று அவற்றை ஒதுக்கிவைக்கச் சொன்னார். நாம்தான் இன்னும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தனிக் குழு வேண்டாம். நுழை, நட, ஓடு, பற என்பதெல்லாம் வாசிப்பு இயக்கத்தில் புத்தகத்துக்குப் போட்ட படிநிலை, பிள்ளை நெற்றியில் ஒட்டுவதற்கு இல்லை. நான் நான்கைந்து புத்தகங்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு நிமிடம் பேசுவேன். கதையை முழுக்கச் சொல்லாமல், சிக்கல் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகள் துண்டுச் சீட்டில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் எழுதித் தருவார்கள். குழு அதிலிருந்து பிறக்கும். எழுத்துக்கூட்டும் பையன் 'பற' புத்தகம் கேட்டால் கொடுங்கள். குழுவில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். ஒரே பிரதி இருப்பது இந்த வகையில் நமக்கு வசதி. படத்தைப் பார்க்கத் தலைகள் தானாக நெருங்கிவிடும். நன்றாக வாசிக்கத் தெரியாதவர்களிடமிருந்துதான் பல நேரம் நல்ல சண்டை கிளம்பும்.

என் வகுப்பில் தெனாலிராமன் பூனைக் கதை ஓடியது. கொதிக்கும் பாலை வைத்து, பூனையைப் பாலைக் கண்டாலே ஓடும்படி பழக்கிய கதைதான். ஒரு பெண் குழந்தை, "நாக்கு வெந்துபோனதுக்கு யாரு மருந்து போட்டா?" என்று கேட்டாள். தெனாலிராமன் புத்திசாலியா, கொடுமைக்காரனா என்று குழு இரண்டாகப் பிரிந்தது. எழுத்தே தடுமாறும் ஒரு பையன், "பால் குடிச்சுப் படுத்துக் கெடந்தா எலிய எப்படிப் பிடிக்கும்? ராஜா பூனை கொடுத்தது அதுக்குத்தானே" என்றான். மணி அடித்த பிறகும் சத்தம் அடங்கவில்லை. பணித்தாளில் இதற்கு எந்தக் கட்டமும் கிடையாது.

ஒரே ஆள் பேசிக்கொண்டிருந்தால் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். தீர்ந்தவர் மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மூலையில் உட்காரும் பிள்ளையிடம் மூன்றும் அப்படியே இருக்கும், அப்போது குழுவே அதைக் கேட்கும்: "நீ சொல்லு."

மலர்_மொட்டு

கரும்பலகை சார் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அதிகம் பேசாத பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை இருப்பது தைரியம் தரும். முதல் சில வாரங்களுக்குத் தாள் இருக்கட்டும், ஆனால் எழுத வேண்டாம், வேலையை மட்டும் வாயால் சொல்லுங்கள். கூடுதல் பிரதி வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. திறந்த உரிமம், அச்சிட்டுக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளையில் படங்கள் மங்கும், அதைப் போனில் காட்டிக்கொள்வேன்.

நாலு_அஞ்சு டீச்சர்

இருவருக்கும் நன்றி. புளியங்கொட்டை நிச்சயம். ஆனால் பள்ளியைப் பார்வையிட வருகிற அதிகாரிகள் "பதிவு எங்கே?" என்பார்களே? அப்புறம், பேசும்போது நான் எங்கே உட்காருவது?

கரும்பலகை

குழுவுக்கு ஒரு நோட்டு போதும். தேதி, புத்தகம், அன்றைக்கு எதைப் பற்றி வாக்குவாதம் என்று ஒரே வரி. எங்கள் நோட்டில் "பூனைக்கு மருந்து" என்று ஒரு வரி இருக்கிறது. பார்வையிட வந்த அதிகாரி அம்மா அது என்னவென்று கேட்டு, முழுக் கதையையும் பிள்ளைகள் வாயாலேயே கேட்டுவிட்டுப் போனார்.

நீங்கள் முதுகைக் காட்டி உட்காருங்கள், கையில் திருத்தும் நோட்டு இருக்கட்டும். கண் பட்டால் உங்களிடம்தான் பேசுவார்கள். நடுவில் "யார் சொல்வது சரி?" என்று கேட்க ஆள் வரும். "எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கொட்டைகளை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கில் போட்டுப் பார்க்கிற ஆள் எல்லா வகுப்பிலும் ஒருவன் உண்டு.