கடிதத்தாள் பரிசுப் பெட்டிக்கு மார்பிள் தாள்: எந்தத் தாள், எந்த முறை?

தாழம்பூ (கோவை):

வணக்கம். எனக்குப் பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியை வரும் மே மாத இறுதியில் பணிநிறைவு பெறுகிறார். பழைய மாணவிகளுக்கு இன்றும் பவுண்டன் பேனாவால் கடிதம் எழுதுகிறவர் என்பதால், கடிதத்தாள், உறை, அவற்றைப் போட்டு வைக்க ஓர் அட்டைக் கோப்பு ஆகியவற்றை மார்பிள் தாளில் நானே செய்து கொடுக்க விரும்புகிறேன். கேரஜீனன் (கடற்பாசியிலிருந்து எடுக்கும், நீரைக் குழகுழப்பாக்கும் பொடி) கரைத்த நீரின் மேல் அக்ரிலிக் வண்ணத்தைத் தெளித்து, சீப்பால் கோடிழுத்து, ஜெராக்ஸ் தாளில் ஒற்றி எடுத்துப் பார்த்தேன். கோலம் தாளில் நன்றாகவே ஏறுகிறது, ஆனால் அலசும்போது பெரும்பகுதி வழிந்து போய்விடுகிறது. தாளை மாற்ற வேண்டுமா, அல்லது படிகாரம் பூசினால் போதுமா? வண்ணம் ஏறிய தாளின் மேல் மைப்பேனாவால் எழுத முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பைண்டர்_புதுவை:

இரண்டும் வேண்டும், அம்மா. வண்ணத்தைத் தாளின் நாரோடு பிணைப்பது படிகாரம்தான். கால் லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி படிகாரத் தூளைக் கரைத்து, ஆறிய பிறகு பஞ்சால் தாளின் ஒரு பக்கம் முழுவதும் விடாமல் பூசுங்கள். விட்டுப்போன இடம் அலசும்போது வெள்ளைத் திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். பூசிய பக்கம் எது என்று காய்ந்த பின் தெரியாது என்பதால், மறுபக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு குறி இட்டுக்கொள்ளுங்கள். பூசிய தாள்களை ஓரிரு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நாள்பட வைத்திருந்தால் படிகாரத்தின் அமிலம் தாளை நலிவடையச் செய்யும்.

ஜெராக்ஸ் தாளில் இதைச் செய்தும் பெரிய பயன் இராது, ஏனென்றால் அதில் வெண்மைக்காகவும் நிரப்பாகவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள், அது படிகாரத்தோடு வினைபுரிந்து அதன் பிடிப்பைக் கெடுத்துவிடும். பருத்திக் கழிவில் செய்த கைத்தாள் வாங்குங்கள். எங்கள் ஊரில் 1959 முதல் இயங்கிவரும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை அத்தகைய தாளைச் செய்கிறது, மார்பிள் தாளும் அங்கேயே செய்கிறார்கள். முடிந்தால் ஒருமுறை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

எழுதுவதைப் பற்றி என் கருத்து வேறு. அக்ரிலிக் ஏறிய பரப்பு மையைச் சரியாக உறிஞ்சாது, எழுத்து அங்கங்கே திரளும், கைபட்டால் இழுபடும். எனவே கடிதத்தாளை வெறுமையாக விட்டுவிட்டு, உறையின் உள்ளொட்டுக்கும் கோப்பின் மேலட்டைக்கும் மட்டும் மார்பிள் தாளைப் பயன்படுத்துங்கள். உறையைத் திறக்கும்போது உள்ளே தெரியும் வண்ணத்துக்கு இருக்கிற அழகு, தாள் முழுக்கப் பரவிய வண்ணத்துக்கு இல்லை என்பது என் எண்ணம்.

நீலச்சுழி:

பைண்டர் ஐயா சொல்வது அக்ரிலிக்குக்குப் பொருந்தும். ஆனால் எழுதுவதற்கென்றே மார்பிள் தாள் செய்த மரபுகளும் உண்டு. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற துருக்கியின் எப்ரு கலையில், மேலே எழுத்தணி வரைவதற்காகவே வண்ணத்தை மிக வெளிறியதாக எடுக்கும் ஒரு வகை இருக்கிறது. மையை வெறும் நீரில் மிதக்கவிட்டுத் தாளில் ஒற்றும் ஜப்பானியச் சுமிநாகாஷி அதைவிடப் பழையது. கியோட்டோவின் நிஷி ஹோங்கன்ஜி கோயிலுக்கு உரிய 12ஆம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுப்பின் தாள்கள் சிலவற்றில் சுமிநாகாஷிக் கோலம் இருக்கிறது. கவிதையை அதன் மேலேயே எழுதியிருக்கிறார்கள்.

முதன்முறை செய்கிறவருக்குச் சுமிநாகாஷியே எளிது என்பேன். கேரஜீனனும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம், ஒரு தட்டில் வெறும் நீர் போதும். ஒரு தூரிகையில் கரிமை (கரியால் செய்த கறுப்பு மை), இன்னொன்றில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த நீர், இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே இடத்தில் மெல்லத் தொட்டால், வளையத்துக்குள் வளையமாக மை விரியும். பிறகு வாயால் மெதுவாக ஊதினால் வளையங்கள் கலைந்து மரத்தின் வைரக்கோடுகள் போல நெளியும். அப்போது தாளைப் படியவிடுங்கள். வெளிறிய சாம்பல் நிறக் கோலம் என்பதால் அதன் மேல் எழுதிய எழுத்து தெளிவாகவே தெரியும்.

தாழம்பூ (கோவை):

இருவருக்கும் மிக்க நன்றி. கடிதத்தாளுக்குச் சுமிநாகாஷி, கோப்புக்கும் உறைக்கும் அக்ரிலிக் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. உறிஞ்சும் தன்மையுள்ள தாளில்தானே சுமிநாகாஷி நன்றாக ஏறும்? அதே தாளில் பவுண்டன் பேனா மை ஊறிப் பரவாதா? அடுத்து, நான் வாங்கிய கேரஜீனன் மறுநாள் காலையில் ஜெல்லி போல உறைந்து கிடக்கிறது. வண்ணத்தை அதன் மேல் தெளிக்கவே முடியவில்லை.

பைண்டர்_புதுவை:

உறைவது கேரஜீனனின் கப்பா வகையாக இருக்கும். பால்பொருள்களிலும் இனிப்புகளிலும் சேர்ப்பது பெரும்பாலும் அதுதான். நம் இராமநாதபுரக் கடலோரத்தில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து கிடைப்பதும் அதே வகைதான். உங்களுக்கு வேண்டியது உறையாமல் குழகுழப்பாக மட்டும் இருக்கும் லாம்டா வகை. மார்பிளிங்குக்கு என்றே குறிப்பிட்டு விற்பதைக் கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ ஐந்து கிராம் எடுத்து மிக்ஸியில் அடித்து, குமிழ்கள் அடங்க ஓர் இரவு வைத்திருங்கள். கோவையில் குடிநீர் மென்மையானது, ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரானால் காய்ச்சி வடித்த நீரில் கரைப்பதே நல்லது. மே மாத வெயிலில் இக்கரைசல் விரைவில் நீர்த்துக் கெட்டுவிடும். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து, மறுமுறை அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே வண்ணத்தைத் தெளியுங்கள்.

மை ஊறுவது பற்றிய ஐயம் சரியானதே. ஐரோப்பியர் தாளுக்கு ஜெலட்டின் பூசினார்கள். அது விலங்குப் பொருள் என்று உங்கள் ஆசிரியை தயங்கக்கூடும் என்றால், நம் நாட்டு வழி இருக்கிறது. பழைய கைத்தாள்களுக்கு மாவுக்கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சுமிநாகாஷித் தாள் நன்றாகக் காய்ந்த பின், மிக நீர்த்த கஞ்சியை மெல்லிய தூரிகையால் ஒரே ஒருமுறை பூசி உலர்த்தி, பெரிய சோழியின் முதுகால் தேய்த்துவிடுங்கள். கரிமை காய்ந்த பின் நீரில் கரையாது என்பதால் கோலம் கலையாது. ஆசிரியை எழுதும் அதே மையை வாங்கி ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு மற்றத் தாள்களுக்குப் பூசுங்கள்.

நீலச்சுழி:

பெட்டியில் அடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அக்ரிலிக் ஏறிய இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடை ஏற்றினால், கோடை வெப்பத்தில் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது உரிந்துவிடும். கோப்பின் மேலட்டைக்கும் உறைகளுக்கும் இடையில் பட்டர் பேப்பர் ஒன்று வையுங்கள். உறையின் முகப்பில் வண்ணம் வேண்டாம், அங்கே தபால்தலையும் முகவரியும் வர வேண்டும்.