புதுப்பிப்பு: களிமண் சுவரோவியத் தகடு வளைவது நின்றுவிட்டது

இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீட்டின் கோடுகளில் மனம் போய், இரு முகங்கள் பின்னிய சுவரோவியம் ஒன்றைக் களிமண்ணில் செய்கிறேன், காயும்போதே மூலைகள் தூக்கிக்கொள்கின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ஓரங்களை மட்டும் பொலித்தீன் பட்டியால் மூடி நடுவை முதலில் காயவிடச் சொன்ன அக்காவின் யோசனைதான். கீழே ஜிப்சம் பலகை வைத்தேன், நுவரெலியா மூடுபனியில் 16 நாள் பிடித்தது, ஆனால் ஒரு மூலைகூட எழவில்லை. மேலே பாரம் வைத்துப் பார்த்ததில் புடைத்த மூக்குக் கோடு நசுங்கிவிட்டது, அதைச் செய்யாதீர்கள். அப்புறம், ஒரே தகடாக விடாமல் கோடுகளின் வழியே 9 துண்டாக வெட்டினேன், இப்போது துண்டுகளுக்கு நடுவே தெரியும் இருண்ட இடைவெளியே கன்னத்தின் வளைவாக நிற்கிறது, அவ்வளவு அழகு!

எதிர்பாராதது சூளையில் நடந்தது. ஈரம் போக 100 பாகையில் வைத்திருந்தேன், தடித்த துண்டு ஒன்று வெடித்தது. இங்கே கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் ஆவியாகிப் பிளக்கிறது. மறுமுறை 85 பாகையில் ஆறு மணி நேரம் வைத்தேன், எல்லாம் முழுதாக வந்தன.