டேங்க் இல்லாத வாட்டர் ஹீட்டர்: வாங்கி மாட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சிங்காநல்லூர்வாசி:

எங்கள் வீட்டு 15 லிட்டர் கீசரின் டேங்க் அரித்து ஒழுக ஆரம்பித்துவிட்டது. குளியலறையும் சின்னது. இந்த முறை டேங்க் இல்லாத ரகமாகப் பார்க்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். 'இன்ஸ்டன்ட்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதில் பெரும்பாலானவை 1 லிட்டர், 3 லிட்டர் என்று சின்ன டேங்க் உள்ளவை, உள்ளே 3 கிலோவாட் காயில் (சூடேற்றும் கம்பிச் சுருள்). தண்ணீர் ஓடும்போதே சூடாக்கி அனுப்புகிற, நிஜமாகவே டேங்க் இல்லாத கரண்ட் ஹீட்டர் தனி ரகம். கேஸ் கீசர் இன்னொரு ரகம். இந்த மூன்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள்.

எல்லாக் கடையிலும் லிட்டர் கணக்குத்தான் சொல்கிறார்கள். ஓடுகிற தண்ணீரில் எத்தனை டிகிரி ஏறும் என்று யாரும் சொல்வதில்லை. நானே போட்டுப் பார்த்தேன். 3 கிலோவாட் ஹீட்டரில் நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் ஏறத்தாழ 21 டிகிரி ஏறும். 3 லிட்டர் விட்டால் 14 டிகிரிதான். மார்கழி விடியலில் எங்கள் மாடி டேங்க் தண்ணீரைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 21 டிகிரி காட்டியது. அப்படியானால் குளிக்கிற பதத்துக்கு, அதாவது 40 டிகிரிக்குக் கொண்டுவர, குழாயை நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவில்தான் திறக்க முடியும். பக்கெட் நிரப்பிக் குளிப்பவர்களுக்கு இது போதும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஷவரில் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் போகிறது. அங்கே இது எடுபடாது.

வேறு ஊர்களில் எப்படி? ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், தண்ணீரின் குளிர்ச்சி தெரியாமல் பதிலை ஒப்பிட முடியாது.

குன்னூர்க்காரி:

எங்கள் ஊரில் உங்கள் கணக்கு இன்னும் கடுமையாக வரும். ஜனவரியில் குழாய்த் தண்ணீர் 13, 14 டிகிரி இருக்கும், கையை வைத்தால் விரல் மரத்துப் போகும். கீழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் நன்றாக இருக்கிறது என்று சொன்னதை நம்பிப் பக்கத்து வீட்டில் வாங்கி மாட்டினார்கள். குளிர் விட்ட தண்ணீர்தான் வந்தது. விளாவுவதற்கு அதில் சூடே இல்லை. இப்போது அதைச் சமையலறையில் பாத்திரம் கழுவ வைத்திருக்கிறார்கள், அங்கே ரொம்ப உபயோகம்.

நாங்கள் 6 லிட்டர் கேஸ் கீசர் போட்டிருக்கிறோம். அட்டையில் 6 லிட்டர் என்று போட்டிருப்பது, தண்ணீரை 25 டிகிரி ஏற்றும்போது நிமிடத்துக்கு எவ்வளவு வரும் என்கிற கணக்கு. 10 கிலோவாட்டுக்கும் மேல் சக்தி. வீட்டு லைனில் அவ்வளவு கரண்ட் இழுக்கவே முடியாது. குளிர் காலத்தில் குழாயைக் கொஞ்சம் அடக்கி வைத்தால் நல்ல சூடு வரும். கேஸும் நான் பயந்த அளவுக்குக் குடிக்கவில்லை.

ஒரு விஷயம் மலையில் இருப்பவர்களுக்கு. உறைபனி விழுகிற காலையில், சிலிண்டர் காலியாகப் போகிற சமயத்தில், தீ தணிந்துவிடும். குளிரில் திரவ கேஸ் ஆவியாவது குறைந்துவிடுவதுதான் காரணம். அதற்காகச் சிலிண்டருக்குச் சூடு காட்டவோ, வெந்நீர் ஊற்றவோ யாரும் போகாதீர்கள். நாங்கள் குளிர் மாதங்களில் இன்னொரு சிலிண்டரைத் தயாராக வைத்துக்கொள்கிறோம்.

தாம்பரம் மாடிவீடு:

நாங்கள் இருப்பது கடைசி மாடி. தலைக்கு மேலேயே டேங்க். வாடகைக்கு வந்தபோது கேஸ் கீசர் இருந்தது, ஆனால் டக் டக் என்று பொறி தட்டும், பற்றாது. பேட்டரி மாற்றினோம், பர்னரைச் சுத்தம் செய்தார்கள். வந்து பார்த்த பிளம்பர் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். தண்ணீர் அழுத்தம் உள்ளே ஒரு வால்வைத் தள்ளினால்தான் கேஸ் திறக்கும். டேங்க் 10 மீட்டர் மேலே இருந்தால் 1 பார் அழுத்தம், 1 மீட்டர் மேலே இருந்தால் 0.1 பார்தான். பல மாடல்கள் 0.2, 0.3 பார் கேட்கின்றன. கீழ்த்தள வீட்டில் அதே கீசர் ஒரே தட்டில் பற்றுகிறது. மேல் மாடியில் இருப்பவர்கள் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் என்ன என்று பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் உப்பு. இங்கே போர்வெல் தண்ணீரைச் சூடாக்கினால் வெள்ளையாகப் படிந்துவிடும். டேங்க் இல்லாத ஹீட்டரில் தண்ணீர் போகும் வழி குறுகல், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காயில் மேல் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலே எரிந்து போகும். சிட்ரிக் ஆசிட் கரைசல் விட்டுக் கழுவ வசதியான மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

வயர்மேன்:

கரண்ட் ஹீட்டர் மாட்டப் போகிறவர்களுக்கு. 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் தாங்கும், ஆனால் மெயின் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும். வாஷிங் மெஷின் பாயின்ட்டிலிருந்து இழுத்துத் தரச் சொன்னால் நான் செய்ய மாட்டேன். 4.5 கிலோவாட் என்றால் 20 ஆம்பியர் பக்கம் வந்துவிடும். அதைப் பிளக்கில் மாட்டவே கூடாது. 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர், 25 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் இரண்டு வயரையும் தானே துண்டிக்கிற சுவிட்ச்), நேர் இணைப்பு. பழைய வீடுகளில் 1.5 ஸ்கொயர் வயரில் ஹீட்டர் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக் உருகிக் கருகியிருக்கும்.

வோல்டேஜையும் பாருங்கள். 230-க்குச் செய்த 3 கிலோவாட் காயில் 200 வோல்ட்டில் 2.3 கிலோவாட்கூடத் தராது. காலை 6, 7 மணிக்கு வோல்டேஜ் இறங்குகிற தெருக்களில் ஹீட்டர் சரியில்லை என்று கூப்பிடுகிறார்கள். போய் அளந்து பார்த்தால் ஹீட்டரில் குறையே இருக்காது.

மதுரை அக்கா:

கேஸ் கீசர் பற்றிப் பேசுவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சித்தி மகள் குளிக்கப் போனவள் வெகு நேரம் வரவில்லை. தட்டினால் பதில் இல்லை. கதவை உடைத்துத்தான் தூக்கினோம். கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தது, பனிக்காலம் என்று வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். கார்பன் மோனாக்சைடு என்று மருத்துவமனையில் சொன்னார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள். எல்லா வீட்டிலும் அப்படி அமைவதில்லை.

கேஸ் வாடை வந்தால் தெரிந்துவிடுமே என்று அதுவரை எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எரியாத கேஸ் கசிந்தால்தான் வாடை. காற்று போதாமல் எரிந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. லேசாகத் தலை வலிக்கும், கிறுகிறுக்கும், எழுந்து கதவைத் திறக்கக் காலில் பலம் இருக்காது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், கேஸ் என்றால் குளியலறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் மாட்டுங்கள். குழாய் மட்டும் உள்ளே வரட்டும். வெளியே இடம் இல்லாத வீட்டுக்குக் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம். உள்ளே மாட்டித் தருகிறேன் என்று சொல்லும் ஆளை அனுப்பிவிடுங்கள்.

குன்னூர்க்காரி:

அக்கா சொல்வது முழுக்க உண்மை. எங்களுடையது பின்வராந்தாவில் இருக்கிறது. குளிர் ஊரில்தான் ஜன்னலை அடைக்கிற பழக்கம் அதிகம், ஆபத்தும் அதிகம்.

சிங்காநல்லூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். எங்களுக்கு வெளிச்சுவர் பொதுச் சந்துப் பக்கம் இருக்கிறது, அங்கே கேஸ் மாட்ட வழியில்லை, ஆகவே அது வேண்டாம். குழந்தைகள் ஷவர் கேட்பதால் 3 கிலோவாட்டும் வேண்டாம். 4.5 கிலோவாட் எடுத்து, நிமிடத்துக்கு 3 லிட்டர் விடுகிற சின்னத் துளை ஷவர் போடப் போகிறோம். 21 டிகிரி ஏறும், கோவைக் குளிருக்குச் சரியாக இருக்கும். கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரு கடையில் சொன்னார்கள், அதை நான் நம்பவில்லை. 20 லிட்டரை 18 டிகிரி சூடேற்ற எந்த ஹீட்டருக்கும் 0.4 யூனிட்டுக்கு மேல் வேண்டும். டேங்கில் வெந்நீர் சும்மா இருந்து ஆறிப்போவது மட்டும்தான் மிச்சம். கீசரைப் போட்டுவிட்டு அணைக்க மறக்கிற வீட்டில் அதுவும் நல்ல தொகைதான்.

வயர்மேன் அண்ணா, லைன் இழுக்கும்போது வேறு எதுவும் சேர்த்துச் செய்ய வேண்டுமா?

வயர்மேன்:

எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், பைப்பில் கட்டின எர்த் எர்த்தே இல்லை. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம் போடுங்கள். மாட்டி முடித்ததும் அதன் டெஸ்ட் பட்டனை உங்கள் கையாலேயே அழுத்திப் பாருங்கள், டப் என்று விழ வேண்டும். விழவில்லை என்றால் வேலை செய்தவரை அனுப்பாதீர்கள்.