மாசிப் பௌர்ணமியன்று சிவந்த நிலா எங்கள் கண்ணில் படாமல் போனது ஏன்?

கேள்வி: மியான்மரின் யாங்கோனிலிருந்து

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 2026 மார்ச் 3-ஆம் தேதி, மாசிப் பௌர்ணமியன்று நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தை என் பதினொரு வயது மகனுக்கு எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தேன். அதற்கு முந்தைய செப்டம்பர் 7-ஆம் தேதி கிரகணத்தில் முழு மறைப்பு நம் ஊர்க் கணக்கில் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கியது. அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மாடிக்கு அழைத்துச் சென்றும், மழைமேகம் விலகவே இல்லை. இம்முறை வறண்ட மாதம், மேகம் இருக்காது என்ற நம்பிக்கையோடு இருந்தேன்.

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் கிரகண ஆரம்பம் பிற்பகல் 3.20, முடிவு மாலை 6.47 என்று இருந்தது. இந்திய நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டினால் நம் நேரம் என்பதால், 4.20 முதல் 7.47 வரை என்று குறித்துக்கொண்டேன். முழு மறைப்பு 5.34-க்குத் தொடங்கி 6.33-க்கு முடியும், யாங்கோனில் சந்திரன் 6.10 மணியளவில் உதிக்கும் என்றும் அறிந்துகொண்டேன். அப்படியானால் இருபது நிமிடங்களுக்கு மேல் சிவந்த நிலாவைக் கண்டிருக்க வேண்டும் அல்லவா?

ஆறு மணிக்கே நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் கிழக்கு நோக்கி நின்றோம். 6.10 ஆயிற்று, 6.20 ஆயிற்று, 6.30-உம் ஆயிற்று. கீழ்வானில் எதுவும் தெரியவில்லை. நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டேனோ என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பர்மியப் பெரியவர் விரலை நீட்டிக் காட்டினார். நாங்கள் தேடிய இடத்துக்கு வெகு மேலே, கிண்ணத்தின் அடிப்பாகம் மட்டும் பளபளப்பது போல வெண்மையான ஒரு கீற்று வெறும் வானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மகன், "அப்பா, நிலா உதிக்காமலே எப்படி அவ்வளவு உயரத்துக்கு வந்தது?" என்று கேட்டான். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

தவறு நேரத்திலா, எங்கள் கண்ணிலா? தொலைநோக்கி எதுவும் இல்லாமல், நம் நாட்டில் இருந்தபடியே சிவந்த நிலாவை நன்றாகக் காணும் வாய்ப்பு இனி எப்போது வரும்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மோல்மேனிலிருந்து

ஐயா, வணக்கம். உங்கள் கணக்கில் எந்தத் தவறும் இல்லை, உங்கள் கண்ணிலும் குறை இல்லை. நிலா 6.10-க்கே உதித்துவிட்டது. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த வானத்திலேயே அது இருந்தது, ஆனால் உங்களுக்குத் தெரியும் அளவு ஒளி அதனிடம் இல்லை.

பௌர்ணமி நிலா பூமியின் கருநிழலுக்குள் முழுமையாகப் புகுந்ததும், அதன் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். நள்ளிரவுக் கருவானத்தில் அந்தச் சிறிய ஒளியே போதும், செம்பு உருண்டை போல நன்றாகத் தெரியும். மார்ச் 3-ஆம் தேதி மாலையிலோ, சூரியன் மறைந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. அந்த வெளுப்பு மங்கிய நிலாவைக் காட்டிலும் ஒளி மிகுந்தது. போதாக்குறைக்கு, மாசி, பங்குனி மாதங்களில் வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் தீயின் புகை நம் நாட்டுத் தொடுவானத்தில் படிந்து கிடக்கும். அடிவானத்தை ஒட்டிய எதையும் அந்தப் புகையினூடேதான் காண வேண்டும்.

6.33-க்கு முழு மறைப்பு முடிந்ததும், நிழலிலிருந்து வெளிவந்த விளிம்பில் நேரடியாகச் சூரிய ஒளி பட்டது. அதற்குள் நிலா ஏறத்தாழ ஐந்து பாகை உயரம் ஏறியிருந்தது. கையை நேராக நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு அகலமோ, அவ்வளவு உயரம். அதனால்தான் அது உதிக்காமலே மேலே வந்துவிட்டதாக உங்கள் மகனுக்குத் தோன்றியது. அவன் கண்டது மிகச் சரியான காட்சி. சந்திரன் தன் பாதையில் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால் அதன் கிழக்கு விளிம்பே முதலில் நிழலுக்குள் நுழையும், முதலில் வெளியேறுவதும் அதுவே. கீழ்வானில் ஏறிக்கொண்டிருக்கும் நிலாவுக்குக் கிழக்கு விளிம்பு என்பது அடிப்பக்கம். நீங்கள் எழுதிய கிண்ணத்தின் அடிப்பாகம் அதுதான்.

நான் அன்று இங்குள்ள மலைமுகட்டில், பகோடாக்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் இருந்தேன். மேற்கே ஆற்றின் மேல் சூரியன் இறங்குவதையும், கிழக்கே வயல்வெளிக்கு அப்பால் வானம் நிறம் மாறுவதையும் அங்கிருந்து ஒருசேரக் காணலாம். நிலாவைத் தேடுவதற்கு ஓர் எளிய வழி உண்டு. சூரியன் மறையும் வேளையில் அதற்கு முதுகைக் காட்டி நின்றால், உங்கள் நிழல் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அந்தத் திசையில்தான் கிரகண நிலா உதிக்க வேண்டும். சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதால்தான் கிரகணமே நிகழ்கிறது. அப்படிப் பார்த்தும் எனக்கு 6.25-க்குப் பிறகே நிலா அகப்பட்டது. விளிம்பு திட்டமாகத் தெரியாத, சுட்ட செங்கல் நிறத்துக் கறை ஒன்று. ஒரு கணம் கண்ணை எடுத்தால் மீண்டும் தேட வேண்டியிருந்தது.

ஆனால் அதற்கு முன்பே நான் கண்ட ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சூரியன் மறைந்ததும் கீழ்வானத்தின் அடியில் சாம்பல் கலந்த நீலநிறப் பட்டை ஒன்று எழும், அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று படர்ந்திருக்கும். தெளிவான மாலைகளில் எல்லோரும் பார்ப்பதுதான், பெரும்பாலோர் அதை மூடுபனி என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த நீலப் பட்டை பூமியின் நிழல். நம் காற்றுமண்டலத்தின் மேல் விழுந்து, சூரியன் இறங்க இறங்க மேலே ஏறும் நிழல். அதே நிழல் கிட்டத்தட்ட 3,84,000 கிலோமீட்டர் தொலைவு சென்று அன்று சந்திரனையும் மூடியிருந்தது. உங்கள் மகன் அன்று நிலாவைக் காணவில்லை என்றாலும், நிலாவை மறைத்ததையே கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான் என்று அவனிடம் சொல்லுங்கள். அடுத்த தெளிவான மாலையில் அந்தப் பட்டையை அவனுக்குக் காட்டுங்கள், அதற்குக் கிரகணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இந்த அளவு வாய்ப்பும் இல்லை. அங்கே முழு மறைப்பு 5.33-க்கு முடிந்தபோது சந்திரன் இன்னும் உதிக்கவே இல்லை.

பதில்: பெகுவிலிருந்து

தம்பி, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மோல்மேன் ஐயா எழுதியதை மூன்று முறை படித்தேன். நான் கண்டவற்றில் மிகச் சிறந்த ஒரு கிரகணத்தைப் பற்றி எழுதுகிறேன், உங்கள் மகனுக்குப் பயன்படும்.

2018 ஜனவரி 31 தைப்பூசம். எங்கள் கோயிலில் காவடியும் அபிஷேகமும் பகலிலேயே முடிந்து, மாலைக்குள் நடை சாத்திவிட்டார்கள். 6.18-க்குக் கிரகணம் பிடித்தது. 7.22 முதல் 8.38 வரை முழு மறைப்பு. வீட்டுக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயல், அன்றைக்கு மின்சாரமும் இல்லை. அந்த இருட்டு எங்களுக்குப் பெரும் உதவியாக அமைந்தது. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். இடையில் ஒருவர் கைப்பேசியைத் திறந்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். ஆகையால் பிள்ளைகளிடம் கைப்பேசிகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

நிலா மெல்ல மெல்லக் கறுத்து, கடைசிக் கீற்றும் அணைந்ததும், அதுவரை பௌர்ணமி வெளிச்சத்தில் மறைந்திருந்த நட்சத்திரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சிவந்த நிலாவுக்குச் சற்று மேலே, மூன்று விரல் அகலத் தொலைவில், சிறிது விபூதியைத் தூவியது போல வெளிறிய ஒரு திட்டு தெரிந்தது. கடக ராசியில் உள்ள நட்சத்திரக் கூட்டம் அது, பூச நட்சத்திரத்தின் இடம். தைப்பூசம் என்றாலே நிலா பூசத்தில் நிற்கும் பௌர்ணமி. ஆனால் நிறைநிலாவின் ஒளியில் பூசம் எந்த ஆண்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐம்பது ஆண்டுகளாகத் தைப்பூசம் கொண்டாடிய நான், தைப்பூச இரவில் பூசத்தைக் கண்டது அந்த ஒரு முறைதான். அப்போது என் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பத்தாரும் வந்து நின்றார்கள். ராகு விழுங்குகிறது என்பது அவர்கள் வழக்கிலும் உண்டு. ராகுவுக்குப் புதன்கிழமைப் பிற்பகலை ஒதுக்கி, வாரத்தை எட்டாகவே எண்ணுகிறார்கள். அன்று புதன்கிழமை என்பதை அந்த வீட்டுப் பாட்டிதான் எங்களுக்கு நினைவுபடுத்தினார்.

கேள்வி கேட்டவர்: யாங்கோனிலிருந்து

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீலப் பட்டையை நேற்று மாலையே மகனுக்குக் காட்டினேன். இன்னும் ஒரு கேள்வி. கருவுற்றிருக்கும் என் தங்கையை அம்மா அன்று அறையை விட்டு வெளியே விடவில்லை. சூரிய கிரகணத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்கிறார்களே, சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் நேரம் போவது தெரியாமல் பார்த்தால் கண்ணுக்கோ வயிற்றுப் பிள்ளைக்கோ எதுவும் ஆகாது என்று நான் உறுதியாகச் சொல்லலாமா?

பதில்: பெகுவிலிருந்து

உறுதியாகச் சொல்லலாம் தம்பி. சூரியன் தானே எரியும் பொருள். பௌர்ணமி நிலாவைவிட ஏறக்குறைய நான்கு லட்சம் மடங்கு ஒளி மிகுந்தது. அது பாதி மறைந்திருந்தாலும் மீதி கண்ணைச் சுட்டுவிடும். நிலாவோ அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும் வெறும் பாறை. பௌர்ணமியை இரவெல்லாம் பார்த்தாலும் கண்ணுக்குத் தீங்கு இல்லை, கிரகணத்தில் அந்த ஒளியும் குறைகிறது. புதிதாக எந்தக் கதிரும் அதிலிருந்து வருவதில்லை.

2000 ஜூலை 16-ஆம் தேதி கிரகணத்தில் முழு மறைப்பு 1 மணி 46 நிமிடம் நீடித்தது. நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மழை சற்று நின்று மேகம் விலகிய சில நிமிடங்களில், என் கணவர் குடை பிடிக்க, முற்றத்தில் நின்று பார்த்தேன். அன்று வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது 25 வயது, பூரண நலத்தோடு இருக்கிறாள். ஆனாலும் உங்கள் அம்மாவிடம் வாதம் செய்ய வேண்டாம். கிரகணம் விட்டதும் குளிப்பதையும் விளக்கேற்றுவதையும் நானும் இன்றுவரை விடவில்லை. தங்கை விரும்பினால் ஜன்னல் வழியாகவாவது பார்க்கட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: மோல்மேனிலிருந்து

பெகு அம்மா எழுதியதோடு, அடுத்த வாய்ப்பையும் சொல்லிவிடுகிறேன். இனி முழுச் சந்திர கிரகணம் நிகழ்வது 2028 டிசம்பர் 31-ஆம் தேதிதான். காத்திருக்கும் காலம் நீண்டது, ஆனால் நம் நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான கிரகணம் எளிதில் அமையாது. நம் நேரப்படி இரவு 9.37-க்குப் பிடிக்கும். முழு மறைப்பு 10.46 முதல் 11.58 வரை. புத்தாண்டு பிறக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது முதல் வெளிச்சம் திரும்பும். மார்கழி மாதம் என்பதால் பொதுவாக மழைமேகம் இருக்காது, தீயின் புகையும் இன்னும் தொடங்கியிருக்காது. நிலா ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். மாடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வதே சிறந்த ஏற்பாடு, நிமிர்ந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலித்துவிடும்.

எதைக் கவனிப்பது என்றும் மகனிடம் சொல்லி வையுங்கள். 9.37-க்குப் பிறகு நிழலின் விளிம்பு வளைந்திருப்பதைப் பார்க்கட்டும். பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் அந்த வளைவும் ஒன்று. சந்திரன் இருக்கும் தொலைவில் நிழலின் அகலம் சந்திரனைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் என்பதால், பிறை நிலாவின் உட்கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் வேறுபாடு தெரியும். முழு மறைப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் ஓரத்தில் மெல்லிய நீலநிறச் சாயல் தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும், ஓசோன் படலத்தின் வழியாக வரும் ஒளி அது. மற்ற சிவப்பு முழுவதும், அந்த நேரத்தில் பூமியின் விளிம்பைச் சுற்றி எங்கெல்லாம் சூரியன் உதித்தும் மறைந்தும் கொண்டிருக்கிறதோ, அங்கெல்லாம் காற்றினூடே வளைந்து வரும் ஒளி. காற்றில் எரிமலைத் தூசி மிகுந்தால் அது மங்கிவிடும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ வெடித்த பிறகு, 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா ஏறக்குறைய காணாமலே போயிற்று. பிரெஞ்சு வானியலாளர் தான்ஷோன் வகுத்த அளவுகோலில் மிக இருண்டதற்கு 0, ஒளிமிக்க செம்பு நிறத்துக்கு 4. கருவி எதுவும் வேண்டாம், கண்ணால் பார்த்தே எண் தரலாம். அவன் ஒரு எண் எழுதட்டும், நீங்கள் தனியாக ஒன்று எழுதுங்கள், பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். 2028 கிரகணத்தில் வடக்கு விளிம்பு நிழலின் ஓரத்துக்கு அருகில் இருப்பதால் சற்று வெளிறியும், தெற்குப் பகுதி கருத்தும் இருக்கும்.

அம்மாவுக்காக ஒன்று. அன்று நிலா நிற்பது திருவாதிரையில். நிலவொளி அணைந்ததும் தென்மேற்கே, இரண்டு கைச்சாண் தொலைவுக்குள், திருவாதிரை விண்மீன் செம்மஞ்சளாக ஒளிர்வதைக் காணலாம். அது தன் வெப்பத்தால் சிவந்தது, நிலா நம் காற்றால் சிவந்தது. இரண்டு சிவப்பையும் அருகருகே வைத்து அன்று பார்க்கலாம்.

பதில்: பெகுவிலிருந்து

மார்கழித் திருவாதிரையிலா! நாட்காட்டி வரும் முன்பே குறித்து வைத்துக்கொண்டேன் ஐயா. தம்பி, உங்கள் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது முடிந்திருக்கும். யாங்கோனில் மாடி வெளிச்சம் தொந்தரவாக இருந்தால் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பின்வயல் அறுவடை அதற்குள் முடிந்துவிடும்.