சொற்பட்டியல்: சரவுண்ட் ஸ்பீக்கருக்கு ஒரு சொல்

காரைக்குடியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஹோம் தியேட்டர் பொருத்தும் கையேட்டுக்கான பட்டியலில் மற்றதெல்லாம் ஓரளவு முடிந்தது. உட்காருபவரின் இரு பக்கமும் வைக்கும் சரவுண்ட் ஸ்பீக்கர் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இதுவரை வந்தவை: சூழொலிபெருக்கி, சுற்றொலிபெருக்கி, பின் ஒலிபெருக்கி, பக்க ஒலிபெருக்கி.

முதல் இரண்டும் எனக்கு உறுத்துகின்றன. சூழொலி என்பது எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து எழுப்பும் மொத்த ஒலி. 5.1 அமைப்பில் முன்னால் மூன்று, சரவுண்ட் இரண்டு, அடித்தொனிக்குத் தனியே ஒரு சப்வூஃபர். மொத்தத்தின் பெயரை அந்த இரண்டுக்கு மட்டும் சூட்டினால், ‘சூழொலிபெருக்கியைக் காதுக்கு ஒன்றரை அடி மேலே வைக்கவும்’ என்ற வரியைப் படிப்பவர் முன்னால் இருக்கும் மூன்றையும் சேர்த்துத் தூக்கிவிடுவார். ஆகவே சூழொலியை மொத்தத்துக்கே விட்டுவிடலாம். இந்த இரண்டு பெட்டிக்கும் வேறு சொல் வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

சொல்லின் பின்பாதியை முதலில் தீர்த்துவிடுவோம். ஒலிபெருக்கி ஊரறிந்த சொல்தான். ஆனால் நம் பட்டியலில் ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே ‘பெருக்கி’. ‘பெருக்கியிலிருந்து ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுக்கவும்’ என்று எழுதினால் எது எதைப் பெருக்குகிறது? ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. வரும் மின்னலையைக் காற்றின் அசைவாக மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது.

மாற்றாக வந்தவற்றையும் பார்த்தேன். ஒலிப்பான் வண்டி ஹாரனுக்குப் போய்விட்டது. ஒலியன் மொழியியலாரிடம் இருக்கிறது. ஒலிவாங்கிக்கு இணையாக ஒலிவழங்கி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வழங்கியைக் கணினிக்காரர்கள் சர்வருக்கு எடுத்துக்கொண்டார்கள். மைக் செட்காரர் ‘பாக்ஸ்’ என்கிறார். அந்த வழியே போய்ப் ‘பெட்டி’ என்றே வைக்கலாம். முன்பெட்டி, நடுப்பெட்டி, பின்பெட்டி என்று வரிசையாக அடுக்கவும் வசதி. செட்டிநாட்டில் பெட்டி என்றதும் இரும்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வீர்கள். கையேட்டுக்குள் அந்தக் குழப்பம் வராது.

பள்ளத்தூரிலிருந்து:

> பின் ஒலிபெருக்கி

அண்ணே, ‘பின்’ மட்டும் வேண்டவே வேண்டாம். கடையில் ‘பேக் ஸ்பீக்கர்’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வாங்கிப் போனவர் பின்சுவரில் ஆணி அடிக்கிறார். பாதிக் கோளாறு அந்தப் பெயரால் வருவது.

5.1-க்கு ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை பி.எஸ்.775 சொல்வது இது: உட்காருபவரின் மூக்குக்கு நேரே 0 பாகை என்று கொண்டால் முன் இடமும் வலமும் 30 பாகையில், சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 பாகைக்குள். காதுக்கு நேர்பக்கம் 90. அதாவது காதுக்குச் சற்றே பின்னால், அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் போவது 7.1-இல் கூடுதலாக வரும் இரண்டு பெட்டிகள். அவற்றுக்கு 135 முதல் 150. ‘பின்’ என்ற சொல்லை அவற்றுக்கு மிச்சம் வைக்க வேண்டும்.

பாகைமானி தேவையில்லை, டேப் போதும். 11 அடி அகலம், 14 அடி நீளமுள்ள அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோபா அகலவாக்கில் நடுவில் இருந்தால் காதிலிருந்து பக்கச்சுவர் 5½ அடி. காதுக்கு நேராகச் சுவரில் ஒரு பென்சில் கோடு. அதிலிருந்து பின்னோக்கி 1 அடி தள்ளினால் 100 பாகை, 2 அடியில் 110, 3 அடி 2 அங்குலத்தில் 120. இந்த இரண்டடிச் சொச்சத்துக்குள் எங்கே வைத்தாலும் சரி. வேறு அகலமென்றால், சுவர் தூரத்தை 0.36-ஆல் பெருக்கினால் 110 பாகைக்கான தள்ளல் கிடைக்கும்.

இப்போது ‘பின்’ செய்யும் வேலையைப் பாருங்கள். அதே அறையில் சோபாவுக்குப் பின்னால் 4 அடி இருக்கிறது. பின்சுவரில் ஆறடி இடைவெளி விட்டு இரண்டையும் மாட்டினால் கோணம் 143 பாகை. மழைக்காட்சியில் மழை பிடரிக்குப் பின்னால் மட்டும் பெய்யும், பக்கங்களில் ஓட்டை விழும். மூலையில் ஒட்டினால் கோணம் 126-க்கு வரும், ஆனால் இரண்டு சுவரும் சேர்ந்து அடித்தொனியை ஊதிவிடும், பேச்சு உப்பிக் கேட்கும்.

சோபா பின்சுவரை ஒட்டியே இருக்கிறது, நகர்த்த இடமில்லை என்றால் பக்கச்சுவரில் 90 பாகையிலேயே வைத்து ஒன்றரை அடி உயர்த்துங்கள். அப்போதும் பின்சுவருக்குப் போகாதீர்கள்.

என் ஓட்டு: பக்கப்பெட்டி.

கானாடுகாத்தானிலிருந்து:

தம்பி சொன்ன கணக்கு சரி. ‘பக்க’ சரியில்லை. பேச்சில் பக்கத்தில் என்றால் அருகில். பக்கப்பெட்டி என்று படித்தவர் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு எல்லாம் முடிந்தது என்பார். முன் இடமும் வலமும்கூட டிவியின் பக்கத்தில்தானே நிற்கின்றன? ‘இருமருங்கும்’ இன்றும் செய்தித்தாளில் வழங்குகிற சொல். சாலையின் இருமருங்கும் மரம் என்றால் யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. மருங்குப்பெட்டி என்று வைத்து, ‘உட்காருபவரின் இருமருங்கும்’ என்று விளக்கம் எழுதலாம்.

இன்னொன்று. கையேடு இந்தப் பக்கத்து வீடுகளுக்கும் பயன்பட வேண்டுமானால் பெட்டிக்கு முன்னால் அறையைப் பேச வேண்டும். வளவை (செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றத்தை) ஒட்டிய அறையில் கீழே ஆத்தங்குடிக் கல், நான்கு பக்கமும் கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, மேலே தேக்கு. ஒலியை உறிஞ்ச அங்கே எதுவுமில்லை. தம்பியின் அறையையே 12 அடி உயரத்தோடு எடுத்துக்கொண்டால் கொள்ளளவு சுமார் 52 கன மீட்டர், மொத்தப் பரப்பு சுமார் 84 சதுர மீட்டர். சராசரி உறிஞ்சுதிறன் 0.03, அதாவது படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று என்று, அறையில் ஒலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சபைன் வாய்பாட்டில் போட்டால் முழக்கம் அடங்க 3 விநாடிக்கு மேல் ஆகிறது. படம் பார்க்க அரை விநாடி போதும். சுவர்களே மருங்குப்பெட்டி வேலையைத் தாறுமாறாகச் செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் 110-இல் வைத்தாலென்ன, 140-இல் வைத்தாலென்ன!

அரை விநாடிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 17 சதுர மீட்டர் முழு உறிஞ்சல் வேண்டும். திறந்த கதவு முழு உறிஞ்சிதான், ஆனால் மூன்றடிக்கு ஆறரை அடிக் கதவு தருவது 1.8 சதுர மீட்டர். ஆகவே சோபாவுக்கு முன்னால் தடித்த ஜமுக்காளம், ஒரு பக்கச்சுவர் முழுக்க நிறைய மடிப்பு விட்ட கனத்த திரை, பின்சுவரில் இலவம்பஞ்சு மெத்தை நிறுத்தி வைப்பது. எதிரெதிர் சுவர் இரண்டும் வெறுமையாக இருக்கக் கூடாது. கை தட்டினால் ‘டர்ர்’ என்று அதிர்ந்தால் அந்த ஜோடியில் ஒன்றை மூடுங்கள்.

பழைய பூச்சில் துளை போடாதீர்கள். திருகாணிக்காகத் துளையில் செருகும் ராவல் பிளக் சுண்ணாம்பில் சரியாகப் பிடிக்காது, பூச்சு தகடாகப் பெயரும், அதே பளபளப்பில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பது அரிது. தரையில் நிற்கும் ஸ்டாண்டு வாங்குங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

மருங்குப்பெட்டிக்கு நானும் கை தூக்குகிறேன், ஆச்சி. ஸ்டாண்டு யோசனை இன்னொரு தேர்வையும் தீர்த்துவைக்கிறது. இரு முகத்தால் ஒலிக்கும் டைபோல், பைபோல் இரண்டையும் ‘இருமுகப் பெட்டி’ என்று ஒரே சொல்லில் அடைக்கச் சிலர் கேட்டார்கள். கூடாது. பைபோலில் இரு முகமும் ஒன்றாகத் தள்ளும், ஒன்றாக இழுக்கும். டைபோலில் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கேட்பவரை நோக்கிய திசையில் ஒலி அடங்கிப்போகும், சுவரில் பட்டு வருவதுதான் காதுக்கு வரும். ஒத்தமுகப் பெட்டி, எதிர்முகப் பெட்டி என்று பிரிக்கலாம். இரண்டுக்கும் அருகே சுவர் வேண்டும். ஒரு பக்கம் வளவு திறந்து கிடக்கும் பட்டாலையில் (கூடத்தில்) இடது பெட்டிக்குச் சுவரே இல்லை. அங்கே சாதாரண ஒருமுகப் பெட்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கேட்பவரை நோக்கித் திருப்புவதுதான் வழி. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸுக்கும் ஒருமுகம்தான் பொருந்தும்.

பள்ளத்தூரிலிருந்து:

மருங்கு எனக்கும் சம்மதம். அட்மாஸ் பேச்சு வந்ததால் உயரத்தையும் பிரித்து எழுதுங்கள். வெறும் 5.1 என்றால் உட்கார்ந்த காது மூன்றரை அடி, அதற்கு மேல் ஒன்றரை அடி, ஆக ஐந்தடியில் ட்வீட்டர் (பெட்டிக்குள் உச்சத்தொனிக்கான சிறு ஸ்பீக்கர்). அருகில் உட்காருபவரின் தலை மறைக்காது. அட்மாஸில் மேற்பெட்டிகள் தனியாக இருப்பதால் மருங்குப்பெட்டியைக் காது உயரத்துக்கே இறக்க வேண்டும், இல்லையென்றால் மேலும் பக்கமும் ஒன்றாகக் குழம்பும். கூரையில் மோதித் திரும்பும்படி மேல்நோக்கி ஒலிக்கும் பெட்டியை உத்தரக் கட்டைகள் வரிசையாக ஓடும் மச்சுக்குக் கீழே வாங்கி வைக்காதீர்கள். தட்டையான கூரை இருந்தால்தான் அது வேலை செய்யும்.

காரைக்குடியிலிருந்து:

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்; திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

மருங்குப்பெட்டி: சூழொலி அமைப்பில் உட்காருபவரின் இருமருங்கும், காதுக்கு நேரிலோ சற்றுப் பின்தள்ளியோ வைக்கப்படும் ஒலிப்பெட்டி. 5.1-இல் 100–120 பாகை, 7.1-இல் 90–110. பின்பெட்டி வேறு.

கையேட்டில் இதையடுத்துக் கம்பி வருகிறது. 8 ஓம் பெட்டிக்கு 15 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும், போகவர 0.35 ஓம்தான் சேரும். அதற்கு மேல் 2.5. வளவைச் சுற்றிக் கொண்டுபோனால் 15 மீட்டர் எளிதில் தாண்டும், கயிறு பிடித்து அளந்துவிட்டு வாங்கவும். கரண்ட் கம்பியோடு சேர்த்து ஓட்டக் கூடாது. குறுக்கிட வேண்டுமென்றால் செங்குத்தாக. கடைசியில் ரிசீவரிலிருந்து (பெருக்கி உள்ள மையக் கருவியிலிருந்து) கழற்றிய முனையில் 1.5 வோல்ட் பேட்டரியைச் சிவப்புக்குப் பிளஸ் என்று ஒரு கணம் தொட்டுப் பார்க்கவும். கூம்பு வெளியே தள்ளினால் இணைப்பு சரி. ஒரு பெட்டி மட்டும் உள்ளே இழுத்தால் அதன் கம்பியை மாற்றவும்.